கோடியக்கரைக்கு அம்மாவையும் பிள்ளையையும் கூட்டிப் போகலாமா? எந்த மாதம் நல்லது?

திருச்சிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். அரையாண்டு விடுமுறையில் கோடியக்கரை சரணாலயத்துக்குப் போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, அம்மா, நாலாம் வகுப்பு படிக்கும் மகள். அம்மாவுக்கு 64 வயது, முழங்கால் வலி உண்டு, கொஞ்ச தூரம் நடந்தால் உட்கார இடம் தேடுவார். மகளுக்குப் பறவை என்றால் உயிர். ஒரு நோட்டில் தேதி போட்டு, பார்த்த பறவையை வரைந்து, அது என்ன செய்து கொண்டிருந்தது என்று இரண்டு வரி எழுதி வைப்பாள்.

போன வருடம் ஒரு ஏரிக்குப் போனோம், ஊர் பெயர் வேண்டாம். நாங்கள் போன நேரம் ஒரு கூட்டம் கரையில் பாட்டைச் சத்தமாகப் போட்டு ஆடிக் கொண்டிருந்தது, இன்னொருவர் படம் எடுக்க வேண்டும் என்று கல்லை விட்டெறிந்து வாத்துகளைக் கிளப்பினார். மகள் பைனாகுலரைக் கண்ணில் வைப்பதற்குள் எல்லாம் பறந்து போய்விட்டன. திரும்பி வரும் வழியெல்லாம் அழுதாள். அதனால் இந்த முறை இடத்தைப் பற்றி நன்றாகத் தெரிந்து கொண்டு போகவேண்டும் என்று இருக்கிறேன்.

டிசம்பர் கடைசி சரியான நேரமா, பொங்கல் விடுமுறைக்குத் தள்ளலாமா? அம்மாவால் அதிகம் நடக்காமல் பார்க்க முடியுமா? வெளிமான் நிச்சயம் கண்ணில் படுமா? உள்ளே குளங்கள் இருக்கின்றன, அங்கே உட்கார்ந்தால் பறவை வரும் என்று ஒருவர் சொன்னார், அது எந்தப் பக்கம்? நாங்கள் அங்கே செய்யக்கூடாதது எது என்பதையும் சொல்லுங்கள்.

வேதாரண்யத்தான்:

தம்பி, நான் வேதாரண்யம் பக்கத்து ஆள், சின்ன வயதிலிருந்து அந்தக் காட்டைப் பார்த்து வளர்ந்தவன். முதலில் வழி. திருச்சியிலிருந்து தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், அப்புறம் கோடியக்கரை. 150 கிலோமீட்டருக்கு மேல் வரும். காலையில் கிளம்பி வந்து பார்த்துவிட்டு இரவே திரும்பலாம் என்று நினைக்க வேண்டாம், அம்மாவை வைத்துக் கொண்டு அது சரிப்படாது. விடியற்காலையும் சாயங்காலமும்தான் அங்கே பார்க்க வேண்டிய நேரம், நடுப்பகலில் மானும் நிழலுக்குப் போய்விடும், பறவையும் தூரத்தில் புள்ளியாகத்தான் தெரியும். முந்தைய நாளே வந்து வேதாரண்யத்தில் தங்குங்கள். கோடியக்கரையிலேயே வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது, அதற்கு நாகப்பட்டினத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும். ரயில் என்றால், திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை அகலப்பாதை 2023 ஏப்ரலில் திறந்துவிட்டார்கள். எங்கள் அப்பா காலத்தில் மீட்டர்கேஜ் வண்டி கோடியக்கரை வரைக்கும் போகும், இப்போது அகஸ்தியம்பள்ளியோடு சரி.

டிசம்பரா ஜனவரியா என்றால், ஜனவரி. வடகிழக்கு மழை எங்கள் பக்கம் டிசம்பர் பாதி வரைக்கும், சில வருடம் அதற்கு மேலும் பெய்யும். காட்டுக்குள் போகும் மண்பாதை சேறாகிக் கிடந்தால் உள்ளே விடமாட்டார்கள், விட்டாலும் வண்டி மாட்டிக் கொள்ளும். பொங்கல் கழித்து வாருங்கள். ஒன்றே ஒன்று, தை அமாவாசை அன்று மட்டும் வேண்டாம். கோடியக்கரைக் கடலை ஆதிசேது என்பார்கள், ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் தீர்த்தமாட ஆயிரக்கணக்கில் சனம் வரும். அம்மா தீர்த்தமாட ஆசைப்பட்டால் அது தனிப் பயணமாக இருக்கட்டும்.

நடப்பது பற்றிக் கவலை வேண்டாம். வேதாரண்யத்திலிருந்து வரும் வழியில் உப்பளங்கள் இருக்கின்றன, சாலையிலிருந்தே நாரையும் கூழைக்கடாவும் பார்க்கலாம். மான் திரியும் புல்வெளிக்குப் பக்கம் வரை வண்டி போகும். எந்தப் பாதையில் எதுவரை விடுவார்கள் என்பது அந்த வார மழையைப் பொறுத்தது, சோதனைச் சாவடியில் கேளுங்கள். வனத்துறை ஆள் ஒருவரைக் கூட அனுப்பச் சொல்லிக் கேட்டுக் கூட்டிப் போங்கள். எங்கே எந்தக் குட்டையில் தண்ணீர் நிற்கிறது என்று அவர்களுக்குத்தான் அன்றன்றைக்குத் தெரியும்.

குளம் என்று கேட்டீர்களே, காட்டுக்குள் முனியப்பன் ஏரி என்று ஒன்று உண்டு. ஏரி என்ற பேரை வைத்துப் பெரிதாக நினைக்க வேண்டாம், காட்டு நடுவில் பள்ளமான இடம், மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும், அவ்வளவுதான். ஆனால் அங்கே ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்தால் மனசு நிறைந்துவிடும்.

தண்ணீரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், வெளியூர்க்காரர்கள் இதைக் கவனிப்பதில்லை. மூன்று பக்கம் உப்பு, கடல், சதுப்பு, உப்பளம். நடுவே மணல். பெய்கிற மழை அந்த மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாக மிதந்து நிற்கிறது. கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர், ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு. எங்கள் ஊரில் புகையிலைக்கும் முல்லைப்பூவுக்கும் ஆழமில்லாத குட்டை வெட்டித்தான் தண்ணீர் எடுத்தோம். காட்டில் இருக்கிற மானுக்கும் நரிக்கும் அதே தண்ணீர்தான். கோடையில் குட்டைகள் வற்றும்போது வனத்துறை தொட்டி கட்டித் தண்ணீர் ஊற்றுகிறது. அதனால் உள்ளே எந்தக் குட்டையைப் பார்த்தாலும் கால் கழுவுவது, பாத்திரம் அலசுவது, சோப்புப் போடுவது எதுவும் வேண்டாம் தம்பி. அது அந்த உயிர்களின் குடிதண்ணீர்.

உள்ளான்:

வேதாரண்யத்து அண்ணன் சொன்னது எல்லாம் சரி. பறவைப் பக்கம் நான் கொஞ்சம் சேர்க்கிறேன். தஞ்சாவூரில் இருக்கிறேன், பதினைந்து வருடமாகக் குளிர்காலத்தில் ஒரு தடவையாவது கோடியக்கரை போகாமல் இருந்ததில்லை.

கோடியக்கரை எந்த இடத்தில் இருக்கிறது என்று மகளிடம் வரைபடத்தில் காட்டுங்கள். சோழமண்டலக் கடற்கரை வடக்கிலிருந்து நேராக இறங்கி வந்து இந்த முனையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது, ஒரு பக்கம் வங்கக் கடல், இன்னொரு பக்கம் பாக் நீரிணை. சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வரும் பறவைகளுக்கு இது இறங்குமிடம், இங்கே கொஞ்சம் தின்று தெம்பேற்றிக் கொண்டு இலங்கைக்குப் போகிறவையும் உண்டு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இங்கே வலை போட்டு, காலில் வளையம் மாட்டி விட்டு ஆராய்ந்து வருகிறார்கள். காலில் வளையமோ வண்ணக் கொடியோ உள்ள பறவை கண்ணில் பட்டால், எழுத்தைப் படிக்க முடிந்தால் மகள் நோட்டில் குறித்துக் கொள்ளட்டும், அந்தக் கழகத்துக்கு எழுதிப் போட்டால் அது எங்கே மாட்டிய வளையம் என்று தெரிய வழி உண்டு.

பூநாரை எல்லோரும் கேட்பது. காட்டுக்குள் பார்க்க முடியாது, காட்டுக்கு வடக்கேயும் மேற்கேயும் முத்துப்பேட்டை வரை நீளும் பெரிய வேதாரண்யச் சதுப்பில்தான் இருக்கும். மழைக்காலத்தில் அந்தச் சதுப்பில் நல்ல தண்ணீர் நிறையும், தை மாசி என்று வெயில் ஏற ஏறத் தண்ணீர் வற்றி உப்பு ஏறிக் கொண்டே போகும், கடைசியில் கடல்நீரைவிடக் கரிக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் வேறு வேறு புழு, பூச்சி, இறால் குஞ்சு, அதற்கேற்ற பறவை. ஆழம் கூடினால் குட்டைக்கால் உள்ளான்களுக்கு நிற்க இடமில்லை, ஒரேயடியாக வற்றினால் யாருக்கும் சாப்பாடில்லை. ஆகவே, இத்தனை ஆயிரம் பூநாரை இருக்கும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். அந்த வருட மழைதான் தீர்மானிக்கும். ஒரு வருடம் அடிவானம் முழுக்க இளஞ்சிவப்பாகப் பார்த்தேன், அடுத்த வருடம் அதே இடத்தில் நாற்பதோ ஐம்பதோதான்.

பூநாரையைப் பார்த்தால் மகளை இரண்டு விஷயம் கவனிக்கச் சொல்லுங்கள். அது அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்றுத் தண்ணீரை உறிஞ்சி வடிகட்டித் தின்னும். அப்புறம், சாம்பல் வெள்ளையாகச் சில நிற்கும், அவை இளசுகள், சாப்பாட்டில் இருக்கிற நிறமிதான் போகப் போகச் சிவப்பேற்றும்.

மற்றபடி சங்குவளை நாரை, கரண்டிவாயன், ஆலா, கொசு உள்ளான், ஊசிவால் வாத்து எல்லாம் கிடைக்கும். காட்டுக்குள் ஆறுமணிக்குருவி உண்டு, அக்டோபரில் வந்து இறங்கும். உதிர்ந்த இலையைப் புரட்டிக் கொண்டு தரையிலேயே திரியும், சத்தமில்லாமல் நின்றால்தான் தெரியும்.

உடை பளிச்சென்று வேண்டாம், மண் நிறம் பச்சை நிறம் போதும். காரை விட்டு இறங்காமல் கண்ணாடியை இறக்கி வைத்துப் பார்த்தால் பறவை ரொம்ப நேரம் நிற்கும், அது அம்மாவுக்கும் வசதி. ட்ரோன் கூடவே கூடாது. ஒருமுறை கிளம்பிப் பறந்தால் அது பல மணி நேரம் தின்று சேர்த்த கொழுப்பைச் செலவழிக்கிறது, பங்குனியில் திரும்பிப் போக அந்தக் கொழுப்பு வேண்டும். உங்கள் மகள் அழுததில் அர்த்தம் இருக்கிறது என்று அவளிடம் சொல்லுங்கள்.

அடும்பு:

எல்லோரும் மானையும் பறவையையும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறீர்கள், அந்தக் காட்டைப் பற்றி யாரும் பேசவே மாட்டேன் என்கிறீர்கள். நான் தாவரவியல் படித்தவள், ஆய்வுக்காக அங்கே இரண்டு பருவம் தங்கியிருக்கிறேன்.

சோழமண்டலக் கரை நெடுக ஒரு காலத்தில் இருந்த உலர் பசுமைமாறாக் காடு இன்றைக்குத் துண்டு துண்டாக, பெரும்பாலும் கோயில் காடுகளாகத்தான் மிஞ்சியிருக்கிறது. கோடியக்கரையில் அது இன்னும் காடாகவே இருக்கிறது. இலை உதிர்க்காத, தடித்த, பளபளப்பான இலைகள், உயரம் அதிகமில்லாத மரங்கள், இடையில் புக முடியாத முட்புதர். கடற்காற்றும் உப்பும் ஆறேழு மாத வறட்சியும் தாங்க வேண்டுமே. பாலை மரம்தான் அங்கே தலைவர். பாலைப்பழம் தின்றிருக்கிறீர்களா, சின்னதாக மஞ்சளாக இருக்கும், உதட்டில் பால் ஒட்டும், அப்படி ஒரு இனிப்பு. வௌவாலும் நரியும் குரங்கும் அதைத்தான் தின்று விதையைப் பரப்புகின்றன. அதோடு உகாய், சங்கஞ்செடி, காரை, சூரை. மழை முடிந்த கையோடு போனால் செங்காந்தள் வேலியேறிப் பூத்திருப்பதையும் பார்க்கலாம், ஆனால் டிசம்பரிலேயே குறைந்துவிடும். கிழங்கு கொடிய விஷம், மகளைத் தொட விடாதீர்கள்.

கடற்கரைக்குப் போனால் மணல்மேட்டில் அடும்பங்கொடியும் இராவணன் மீசையும் மணலைப் பிடித்து நிறுத்தியிருப்பதைக் காட்டுங்கள். சதுப்போரத்தில் தரையெல்லாம் சிவப்பும் பச்சையுமாகப் படர்ந்திருப்பது உமரி. வெறும் களை என்று நினைத்து அதன் மேல் வண்டி விடுகிறார்கள், ஒருமுறை சக்கரம் ஏறிய தடம் அடுத்த மழை வரைக்கும் அப்படியே கிடக்கும்.

மூலிகைக்குப் பெயர் போன காடு இது, ஊரில் பெரியவர்கள் ஒவ்வொரு செடிக்கும் ஒரு வைத்தியம் சொல்வார்கள். அதற்காக வேரோடு பிடுங்கிக் கொண்டு வருகிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சரணாலயத்துக்குள் ஒரு இலையைக் கிள்ளுவதும் சட்டப்படி குற்றம். மகள் வரைந்து கொள்ளட்டும், அதுதான் எடுத்துக் கொண்டு வரும் சரியான முறை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம்தான் கரையேறியது. அதற்குப் பிறகு நான் போனபோது பெரிய மரங்கள் பல விழுந்து, நின்றவற்றிலும் ஒரு இலை இல்லாமல், காடே எரிந்து போனது மாதிரி இருந்தது. மான்கள் செத்துக் கிடந்தன, சில கடலில் அடித்துப் போனதாக ஊரார் சொன்னார்கள். பாலை மெதுவாக வளரும் மரம். விழுந்த இடத்தில் வெளிச்சம் விழுந்ததும் முதலில் முளைத்தது சீமைக்கருவேலம். அதனால் நீங்கள் பார்க்கப் போவது முழுசாகத் தேறிய காடு இல்லை, தேறிக் கொண்டிருக்கும் காடு. பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று சொல்வது அதற்காகத்தான், காலடியில் இருக்கும் இரண்டு இலைக் கன்று பத்து வருடம் கழித்துத்தான் மரமாகத் தெரியும்.

திருச்சிக்காரன்:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. பொங்கலுக்கு அடுத்த வாரம் என்று முடிவு செய்துவிட்டோம், அமாவாசையைத் தள்ளி. இரண்டு சந்தேகம். உள்ளே காட்டுக் குதிரைகள் இருக்கின்றன என்று படித்தேன், மகள் அதைக் கேட்டதிலிருந்து துள்ளுகிறாள், கேரட் கொண்டு போகட்டுமா என்கிறாள். அம்மாவோ குரங்குக்குப் பொரிகடலை போட வேண்டும் என்கிறார், புண்ணியமாம். என்ன சொல்வது?

வேதாரண்யத்தான்:

இரண்டுமே வேண்டாம் தம்பி. குரங்குக்குப் போட்டுப் போட்டு அவை இப்போது சாலையிலேயே உட்கார்ந்து வண்டியை எதிர்பார்க்கின்றன, பையைப் பிடுங்குகின்றன, வண்டியில் அடிபட்டும் சாகின்றன. புண்ணியம் என்றால் கோடிக்காட்டில் குழகர் கோயில் இருக்கிறது, சுந்தரர் பாடிய தலம், அம்மாவை அங்கே கூட்டிப் போங்கள். கடற்காற்று அடிக்கும் இந்த ஆளில்லாத கரையில் தனியாக இருக்கிறீரே என்று சுந்தரர் சாமியைப் பார்த்து உருகினார். இராமர் பாதமும் உண்டு, கோடியக்கரையிலேயே உயரமான மேடு அதுதான். அங்கிருந்து காட்டைப் பார்த்தால் தலைக்குத் தலை சமமாக வெட்டி வைத்தது மாதிரி தெரியும்.

குதிரை பற்றி உள்ளான் சொல்லட்டும், எனக்கு அவற்றைப் பிடிக்கும்.

உள்ளான்:

எனக்கும் பார்க்கப் பிடிக்கும் அண்ணே, ஆனால் அவை காட்டு விலங்கு இல்லை. மனிதர்கள் வளர்த்துக் கைவிட்ட மட்டக்குதிரைகளின் வாரிசுகள். 1967ல் இந்தச் சரணாலயத்தை அறிவித்ததே வெளிமானுக்காகத்தான். மான் மேய்வதும் அந்தப் புல்வெளிதான், குதிரை மேய்வதும் அதேதான், அந்தப் புல்வெளியையும் சீமைக்கருவேலம் ஓரத்திலிருந்து தின்று கொண்டே வருகிறது. குதிரையைக் குறைக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள், எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

அடும்பு:

குதிரையை மட்டும் குறை சொல்ல முடியாது. கோடையில் புல் காய்ந்ததும் வெளிமானே சீமைக்கருவேலக் காயைத் தின்கிறது, விதை புழுக்கையோடு போய் முளைக்கிறது. கருவேலத்தை ஒரே நாளில் இயந்திரம் வைத்துப் பிடுங்கினால் அந்த மூன்று மாதம் மானுக்கு என்ன இருக்கிறது? கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, எடுத்த இடத்தில் புல் வருகிறதா என்று பார்த்துத்தான் அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். மகளிடம் குதிரையைத் தூரத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள், கேரட் வீட்டில் இருக்கட்டும்.

திருச்சிக்காரன்:

போய் வந்துவிட்டோம்! வேதாரண்யத்தில் இரவு தங்கி, விடிவதற்கு முன்பே கிளம்பினோம். வனத்துறைக்காரர் ஒருவர் கூட வந்தார், அவர் பேசியதே கிசுகிசு குரலில்தான், அதைப் பார்த்து மகளும் அன்று முழுக்க அப்படியே பேசினாள்.

பனி விலகும் நேரத்தில் புல்வெளியில் வெளிமான்கள். முறுக்கின கொம்போடு ஒரு கறுப்பு ஆண், பதினைந்து இருபது பெட்டைகள், எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மேய ஆரம்பித்தன. அம்மா காரிலிருந்து இறங்கவே இல்லை, கண்ணாடியை இறக்கிவிட்டு அரை மணி நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். “கோயில் சிற்பத்தில் சிவன் கையில் இருக்கிற மான் மாதிரி இருக்கிறது” என்றார். குரங்குப் பேச்சே எடுக்கவில்லை.

முனியப்பன் ஏரியில் தண்ணீர் இருந்தது. மகள் கரையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து முக்குளிப்பானை ஏழு தடவை வரைந்தாள், ஒவ்வொரு தடவையும் அது முங்கிவிட்டது. பூநாரை தூரத்தில்தான், ஒரு நூறு இருக்கும். போன வருட ஏரிக் கதையை அவள் மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன், நான் மறக்கவில்லை, அதனால்தான் உங்களுக்கெல்லாம் மறுபடி நன்றி சொல்கிறேன்.

ஒரு பறவை மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை. உப்பளம் பக்கம் ஆழமில்லாத தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு நின்றன. வெள்ளை உடம்பு, கறுப்புப் பட்டைகள், தலையும் பின்கழுத்தும் கறுப்பு, நீலச் சாம்பல் கால். மகள் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: “மூக்கு மேலே பார்த்து வளைந்திருக்கிறது. தண்ணீரில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வீசிக்கொண்டே நடக்கிறது, பாட்டி வாசல் கூட்டுகிற மாதிரி.”

உள்ளான்:

கோணமூக்கு உள்ளான். அந்த ஒரு வரி போதும், படமே வேண்டாம். அலகைப் பக்கவாட்டில் வீசித்தான் அது சேற்று நீரிலிருந்து பூச்சியையும் சின்ன இறாலையும் எடுக்கும். நோட்டில் பெயரை எழுதிக் கொள்ளச் சொல்லுங்கள், பக்கத்திலேயே தண்ணீர் அதன் காலில் எதுவரை இருந்தது என்றும் நினைவிருந்தால் குறிக்கட்டும். அடுத்த வருடம் அதே இடத்தில் நின்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.